இரண்டு பேர் ரூமுக்கு ஒரு மேசை

பாண்டிச்செல்வி: …அப்படித் தட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. தள்ளு, நான் டார்ச் அடிச்சுப் பாக்கேன்.

சுகப்பிரியா: கம்பெனியிலதான் நாள் பூரா டார்ச் அடிக்கே, ஞாயித்துக்கிழமையுமா? இது போன் இல்லட்டி, மேசை.

பாண்டிச்செல்வி: மேசைன்னா பாக்கக் கூடாதா? கீழ பாரு, மாவு மாவா கொட்டிக் கெடக்கு. உளுத்துப் போச்சு. இது என்ஜி.

கோதண்டராமன்: இன்னாமா அது என்ஜி?

சுகப்பிரியா: அவ லைன்ல குவாலிட்டி பாக்கா. நல்ல பீஸுன்னா ஓகே, மோசமுன்னா என்ஜி. நீங்க கண்டுக்காதீங்க அண்ணாச்சி.

கோதண்டராமன்: அண்ணாச்சின்னு கூப்புடாதமா. நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினுகீறேன்? பழைய மரச் சாமான் கடை. வெளிய போர்டுல கோதண்டராமன்னு பேரு எழுதிகீது.

பாண்டிச்செல்வி: சரிண்ணே. உளுக்காதது எது, அதக் காட்டுங்க.

கோதண்டராமன்: இத பாரு. வாலாஜாபாத்துல ஒரு வக்கீல் வூட்ட இடிச்சாங்க, அங்கேர்ந்து வந்தது. பர்மா தேக்கு. மேல அலமாரி, கீழ மூணு டிராயரு. நடுவுல இந்த மூடிய இப்டி சாச்சா எழுதற பலகை. உள்ள பாரு, காயிதம் வெக்க எத்தினி அறை. வேல முடிஞ்சா மூடிப் பூட்டிக்கலாம்.

சுகப்பிரியா: பூட்டு பூட்டுமா?

கோதண்டராமன்: பூட்டும். சாவி ஒண்ணுதான் கீது.

சுகப்பிரியா: ஒண்ணு போதும்.

பாண்டிச்செல்வி: எப்படிப் போதும்? நீ ஏ ஷிப்ட்டு, நான் சி ஷிப்ட்டு. நீ சாவியோட லைன்ல நின்னா, நான் பலகைய உடைச்சா புக்கு எடுக்கது?

சுகப்பிரியா: …உன் புக்குதான. நீயே வச்சுக்கோ.

கோதண்டராமன்: இன்னா படிக்கறமா?

பாண்டிச்செல்வி: கரஸ்ல பி.காம். கடைசி வருஷம். மே மாசம் பரீட்சை.

சுகப்பிரியா: ஹாஸ்டல்ல பத்து மணிக்கு லைட்ட அணைச்சிருவாங்கண்ணே. ரெண்டு வருஷம் இவ பாத்ரூம் வாசல்ல உக்காந்துதான் படிச்சா. இப்பதான் சுங்குவார்சத்திரத்துல ரூம் எடுத்திருக்கோம்.

கோதண்டராமன்: கல்யாணம் ஆவாத பொண்ணுங்களுக்கு வூடு குடுத்துட்டாங்களா?

பாண்டிச்செல்வி: சரோஜாக்கா குடுத்தாங்க. ரெண்டு பேரா இருந்தாத்தானாம். ஒருத்தி போயிட்டா இன்னொருத்தியும் காலி பண்ணிரணும். தனியா ஒரு பொண்ண வச்சுக்கிட்டு ஊருக்குப் பதில் சொல்ல முடியாதாம்.

கோதண்டராமன்: அப்ப ரெண்டு பேரும் சண்ட கூட போட முடியாதுன்னு சொல்லு.

சுகப்பிரியா: அதெல்லாம் போடுவோம்… செல்வி, அந்தா இருக்கு பாரு, சின்னது. பலா மரம். மூணடிக்குள்ளதான் இருக்கு. மூடி சாயுது, ரெண்டு டிராயர் இருக்கு. இது போதும்ட்டி.

பாண்டிச்செல்வி: உன் துணிய எதுல வைக்க?

சுகப்பிரியா: என் துணி ட்ரங்குப் பெட்டியிலயே கெடக்கட்டும்.

பாண்டிச்செல்வி: வாழ்நாள் பூரா ட்ரங்குப் பெட்டியிலயா? எனக்குத் தேக்குதான் சரியாத் தெரியுது. அண்ணே, இது ரெண்டாக் கழலுமா?

கோதண்டராமன்: கழலும்மா. மேல தனி, கீழ தனி. நாலு திருகு.

சுகப்பிரியா: கழட்டி எங்க கொண்டு போகப் போறே? நம்ம ரூம் தரையிலதான இருக்கு. படி கூடக் கெடையாது.

பாண்டிச்செல்வி: ஒரு பேச்சுக்குக் கேட்டேன். குடோன்ல இன்னும் இருக்காண்ணே?

கோதண்டராமன்: பின்னாடி ஒண்ணு கீது. போய்ப் பாரு.

பாண்டிச்செல்வி: நீ இங்கயே இரு சுகா. நீ வந்தா எல்லாத்தையும் ஓகேன்னுருவே.

கோதண்டராமன்: …நல்ல பொண்ணுதான். போலீசு மாதிரி பாக்குது.

சுகப்பிரியா: அண்ணே, அவ வர்றதுக்குள்ள சொல்லிருதேன். அந்தத் தேக்கு மேசை சரியில்லன்னு சொல்லிருங்க. சின்னதையே எடுத்துக்கட்டும்.

கோதண்டராமன்: என் பொருள நானே கொற சொல்லணுமா? இன்னாமா கத இது?

சுகப்பிரியா: எனக்குத் தை மாசம் கல்யாணம். சங்கரன்கோவில்ல. அவகிட்ட இன்னும் சொல்லல.

கோதண்டராமன்: கூடவே படுத்துகினுகீற பொண்ணுகிட்ட சொல்லலையா?

சுகப்பிரியா: எப்படிச் சொல்ல? நான் போனா ரூம் போச்சு. அவ திரும்பவும் அந்த பாத்ரூம் வாசலுக்குத்தான் போணும். இப்பமே சொன்னா, அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, போயி சரோஜாக்காகிட்ட சொல்லிருவா. போற வரைக்குமாவது நிம்மதியாப் படிக்கட்டும்.

கோதண்டராமன்: அதுக்கும் சின்ன மேசைக்கும் இன்னா சம்பந்தம்?

சுகப்பிரியா: ஹாஸ்டல் வார்டன்கிட்டக் கேட்டு வச்சிருக்கேன். மூணடிக்குள்ள இருந்தா கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுக்கலாம்னு சொன்னாங்க. பூட்டும் இருந்தா பத்து பேருக்கு நடுவுல புக்காவது பத்திரமா இருக்கும். பெருசை வாங்கிட்டா அவ எங்க கொண்டு வைப்பா?

கோதண்டராமன்: …சொல்லிடுமா. தானா தெரிஞ்சா இன்னும் கஷ்டமாய்டும்.

சுகப்பிரியா: வாரா. சும்மா இருங்க.

பாண்டிச்செல்வி: அண்ணே, உள்ள இருக்கது பழசே இல்ல. எல்லாம் ஸ்டார் திருகு. முதுகுப் பக்கம் பிளைவுட்டு. பாலிஷப் போட்டுப் பழசாக்கியிருக்கீங்க.

கோதண்டராமன்: கண்ணுல வெளக்கெண்ண வுட்டுகினு பாக்கறமா நீ.

பாண்டிச்செல்வி: தேக்கே எடுத்துக்கிடுதோம்.

கோதண்டராமன்: அது வந்து… அந்தத் தேக்கு கொஞ்சம் என்ஜிமா.

பாண்டிச்செல்வி: இவ்வளவு நேரம் பர்மா தேக்குன்னீங்க?

கோதண்டராமன்: தேக்குதான். கீலு கொஞ்சம்…

பாண்டிச்செல்வி: கீல நான் ஆட்டிப் பாத்தாச்சு. பித்தளை, ஓகே. டிராயரு ஓகே. அகலமும் சரியா வருது. ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவுல ரெண்டு டைல்ஸ். ஒரு டைல்ஸ் ரெண்டடின்னா நாலடி. இது மூணே முக்கால்.

சுகப்பிரியா: என்னது டைல்ஸு? நம்ம ரூம்ல ஏதுட்டி டைல்ஸு? சிமெண்டுத் தரை. காலையிலதான் தொடச்சேன்.

பாண்டிச்செல்வி: ஒரு கணக்குக்குச் சொன்னேன்.

சுகப்பிரியா: கையில என்ன காயிதம்? குடு இங்க.

பாண்டிச்செல்வி: அது கம்பெனி பேப்பரு. ஏய், பிடுங்காத, கிழிஞ்சிரும்…

சுகப்பிரியா: ‘ஹால், கிழக்குச் சுவர். ஜன்னல் முதல் மூலை வரை டைல்ஸ் இரண்டு. மாடிப்படித் திருப்பம் மூன்றடி, கழற்றித்தான் ஏற்ற வேண்டும். சொன்னது பேச்சி மதினி.’ …எந்தப் பேச்சி மதினி?

பாண்டிச்செல்வி: எத்தனை பேச்சி மதினி இருக்காவ உனக்கு?

சுகப்பிரியா: இது… அவுக வீட்டு அளவு.

கோதண்டராமன்: எவுக வூடுமா?

சுகப்பிரியா: எனக்குப் பாத்திருக்க மாப்பிள்ளை வீடுண்ணே. பேச்சி மதினி, அவுகளுக்கு அக்கா… செல்வி, உனக்கு எப்பத் தெரியும்?

பாண்டிச்செல்வி: ஐப்பசி மாசமே தெரியும். உங்க அம்மை போன் போட்டு, ‘பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்’னு கேட்டாவ. நீ சொல்லியிருப்பேன்னு நெனைச்சிருக்காவ.

சுகப்பிரியா: தெரிஞ்சுமா இத்தனை நாளும் எங்கூட ஒரே தட்டுல சோறு தின்னுட்டு இருந்தே?

பாண்டிச்செல்வி: நீயுந்தான தின்னே.

சுகப்பிரியா: …இந்த மேசை எனக்கா?

பாண்டிச்செல்வி: கட்டிலு, பீரோ, மிக்ஸி எல்லாம் சீராத்தான் வரும். எழுதுறதுக்கு ஒரு மேசை எவன் குடுப்பான்? எங்கூடச் சேந்து நீயும் பணம் கட்டின படிப்புதான. மொத வருஷத்தோட நிறுத்திட்டே. அங்க போயி முடி. ஹால்லதான் போடணும்னு மதினிகிட்டச் சொல்லியாச்சு.

சுகப்பிரியா: எனக்கு வாங்குறது கெடக்கட்டும். உன் ரூமு போயிருமேட்டி. பரீட்சைய வச்சுக்கிட்டு நீ எங்க போவே?

பாண்டிச்செல்வி: எதுக்குப் போணும்? எங்க லைன் மாடத்திய போன மாசமே சரோஜாக்காகிட்டக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டேன். தை மாசம் வந்துருவா. அவகிட்ட ஒரு மடக்கு மேசை இருக்கு, அதப் பாத்துதான் அவளையே பிடிச்சேன். நீ கண்ணத் தொடச்சிட்டு அந்த மூடியச் சாத்து. அண்ணே, குட்டியானை வண்டிக்குச் சொல்லுங்க.