சமையலறைப் படி

— எழுதி வெச்சுக்கோ நர்சம்மா. பூமிக்கு இழுக்கற சக்தி இருக்குங்கறதெல்லாம் மத்தவங்களுக்கு. நாப்பது வருஷம் ஏழாவது மாடி உயரத்துல சாரத்துல நின்னு பெயிண்ட் அடிச்சவன அது தொட்டதே இல்ல.

— சரிண்ணா. முழங்கையக் காட்டு.

— அது பழசு.

— பழசுன்னா மஞ்சளா இருக்கும். இது ஊதா. ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் இதத்தான் பாத்தேன். எப்ப விழுந்த?

— விழல. உக்காந்தேன்.

— எங்க?

— சமையலறையில. தரையில. கொஞ்சம் வேகமா.

— ஒரு தடவ விழுந்தாலும் வீட்டப் பூட்டிட்டு அவன்கூட வந்துடணும்னு உன் பையன் சொன்னான். நீயும் தலையாட்டின.

— அதனாலதான் உக்காந்தேங்கறேன்.

— அவனுக்கு போன் பண்றதா வேண்டாமான்னு நான் யோசிக்கணும். உண்மையச் சொல்லு. ஹால்லேர்ந்து இறங்கற அந்த ஒத்தப் படியிலதானே?

— ம்.

— முப்பத்தஞ்சு வருஷமா இறங்கற படி!

— இறங்கினதுதான் நான். கணக்கா பாத்துக்கிட்டது உங்கண்ணி. நான் அந்தப் பக்கம் திரும்பினாலே அடுப்புகிட்டேர்ந்து "படி"ம்பா. கையில பேப்பர் இருந்தா ரெண்டு "படி". "வாத்தியார்கூட என்னை இவ்வளவு படிக்கச் சொன்னதில்லடி, நீ அப்பவே வந்திருந்தா நான் கலெக்டர்"னு சொல்வேன்.

— விருந்தாளிங்க முன்னாடி அண்ணி மாதிரியே கத்திக் காட்டுவியே.

— சிரிப்பா. அடுத்த நிமிஷமே மறுபடியும் "படி".

— அண்ணி போயி எட்டு மாசம் நீயாத்தானே இறங்கின? அன்னைக்கு மட்டும் என்ன?

— ஒண்ணுமில்ல. ஏதோ நெனப்புல போனேன். குரல் வரல. குரல் வரலைன்னா படி இன்னும் வரலைன்னு கால் நெனச்சிடுச்சு.

— ...இங்க பாருண்ணா. நாளைக்குக் கொத்தனாரக் கூட்டிட்டு வரேன். அந்த எடத்த சரிவாப் பூசிடலாம். குளியலறையில ஒரு கைப்பிடி. அங்க வழுக்கற அந்தக் கால்மிதியும் வெளிய போகணும். ஒத்துக்கிட்டா போன் பண்ண மாட்டேன். நீ இங்கயே இரு.

— சரிவான்னா... படியே இருக்காதா?

— இருக்காது.

— நாளைக்குத்தானே? இன்னைக்கு இல்லையே?

— நாளைக்குக் காலையில.

— சரி.

— டீ குடிச்சாச்சுல்ல? டம்ளரக் குடு, சமையலறையில வெச்சுட்டு வரேன்.

— நர்சம்மா.

— என்ன?

— படி.