குணம் எழுதிய கொப்பி

மாடுகளின் மனம் அறிந்த மாண்பாளரே! மழையென்றும் மணலென்றும் மலைக்காது, மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் மோட்டார்சைக்கிள் உருட்டி, படலை தோறும் பட்டி தோறும் பணி செய்த பண்பாளரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராய்க் கடமையாற்றி, கறையொன்று படாத கையோடு இன்று ஓய்வு பெறும் வங்காலை தந்த வள்ளலே, அந்தோனிமுத்து சிங்கராசா அவர்களே! மிருக வைத்தியக் கந்தோர் ஊழியர் பதினொருவரும் கைகூப்பி வணங்குகிறோம்.

முதலில் ஒரு மன்னிப்பு. பாராட்டு மடல் என்றால் முகத்துக்கு நேரே புகழ வேண்டும். புகழ்ந்தால் நீங்கள் கதிரையைத் தள்ளிவிட்டு, மாட்டுக்கு ஊசி போடும் மரச்சட்டத்தடிக்குப் போய்விடுவீர்கள் என்பது இந்த வளவில் படுக்கும் நாய்க்கும் தெரியும். ஆகையால் வேறு யாரோ ஒருவரின் கதைபோலச் சொல்கிறோம். கொஞ்சம் பொறுத்து இருங்கோ.

அந்த மனிதரிடம் ஒரு கொப்பி இருந்தது. அரசாங்கப் பதிவேட்டில் மாட்டின் நிறம், வயது, காது இலக்கம் எழுதக் கட்டம் உண்டு. குணம் எழுதக் கட்டம் இல்லை. அவரோ அடிமட்டம் வைத்துத் தானே ஒரு கோடு கீறி, அந்தக் கட்டத்தில் நான்கு சொற்களில் ஒன்றை எழுதுவார். சாது. மருளும். உதைக்கும். குத்தும். கோமாரி என்கிற கால்-வாய் நோய்க்கு ஊசி போடப் போகும் எவரும் அந்தக் கொப்பியைப் பாராமல் படலை தாண்டமாட்டார்கள். எங்களில் பலருடைய விலா எலும்பு முறியாமல் இருப்பது அந்த நான்கு சொற்களின் புண்ணியம்! காதைப் பார்ப்பார், வாலைப் பார்ப்பார், கண்ணில் வெள்ளை தெரிகிறதா என்று பார்ப்பார், எழுதுவார். எழுதினால் எழுதினதுதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, சிலாவத்துறைக்கு அப்பால் மீளக் குடியேறிய பெண்களுக்கு ஒரு நிறுவனம் கறவை மாடு கொடுத்தது. ஒரு வீட்டுக்கு ஒரு மாடு. யாருக்கும் குறை வராத கணக்கு என்று எல்லோரும் மெச்சினோம். மாட்டைக் கேட்கத்தான் ஆளில்லை. நூறு மாட்டுப் பட்டியில் பிறந்து வளர்ந்தவற்றை லொறியில் ஏற்றி வந்து, ஒவ்வொரு வளவிலும் ஒவ்வொன்றாய்க் கட்டிவிட்டார்கள். அன்றைக்கு நாற்பது மாடுகளுக்குக் குணம் எழுத வேண்டியிருந்தது. ஒரு மாட்டுக்கு ஐந்து நிமிடம். ஸுஹறா என்ற விதவையின் வளவில் நின்ற செவலை அவரைக் கண்டதும் மூச்சைச் சீறிக் கொம்பை வீசியது. அவர் வேலிக்கு வெளியே நின்றபடியே எழுதினார்: குத்தும்.

அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்த மாதம் செவலை பக்கத்து வீட்டு ஜவாஹிரின் தொடையைக் கிழித்தது. நிறுவனத்தார் கொப்பியின் பிரதியைப் புரட்டினார்கள். ஏற்கெனவே எழுதியிருக்கிறது, இது குத்துகிற சாதி, எடுத்து விற்றுவிடுவோம், பதிலுக்கு வேறு மாடு கிடையாது என்று தீர்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லொறி வரும் என்று நாளும் குறித்தாயிற்று.

திங்கட்கிழமை அவர் போனபோது ஸுஹறா படலையை மறித்து நின்றார்.

"நீங்க எழுதின எழுத்தாலதான் சேர் மாட்டக் கொண்டு போகப் போறாங்க. அஞ்சு நிமிசம் பார்த்தீங்க. நான் ஒரு மாசமாப் பார்க்கிறன். அது பொல்லாத மாடில்ல. ராவும் பகலும் கத்துது சேர், புள்ளையத் துலைச்ச தாய் மாதிரி."

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து வேலியோரம் உட்கார்ந்தார். செவ்வாயும் வந்து உட்கார்ந்தார். புதனும் வந்தார். கொண்டுபோன சோற்றை அங்கேயே பிரித்துத் தின்றார். மாடும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மூன்று நாள். மாக்கிறட் அக்கா, அவருடைய மனைவி, இறந்து அப்போது ஐந்து வருடம். பிள்ளைகள் இல்லை. வங்காலை வீட்டில் கதவைத் திறந்தால் தான் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும் என்று ஸுஹறாவிடம் சொன்னாராம். எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார். செவலை எப்போதும் வேலியின் ஒரே மூலையில் நின்றது. மூன்று வீடு தள்ளி றஹீமாவின் மாடு கத்தினால் இதன் காது திரும்பும், கயிறு இறுகும். இரண்டும் ஒரே லொறியில் வந்தவை. அவர் றஹீமாவிடம் கெஞ்சி அந்த மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து செவலையின் பக்கத்தில் கட்டினார். செவலை அதன் கழுத்தை நக்கியது. அரைமணி நேரத்தில் படுத்து அசைபோட்டது. ஸுஹறா முதல்முறையாகக் காலைக் கட்டாமல் பால் கறந்தார்.

வியாழன் காலையே கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் மிருக வைத்தியர் டொக்டர் பெற்றிசியாவின் மேசையில் வைத்தார். "குத்தும்" என்ற சொல் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், "தனியாக நிற்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

"இதென்ன சிங்கராசா, இது ஒரு குணமோ?" என்றார் டொக்டர்.

"குணமில்லை டொக்டர். அதின்ரை நிலைமை. குணமெண்டு நான் பிழையா எழுதிப்போட்டன்."

லொறி வரவில்லை. இரண்டு வீட்டு மாடுகளையும் ஒரே கொட்டிலில் கட்ட நிறுவனமும் ஒப்புக்கொண்டது. செவலையின் நான்காவது கன்று இப்போது புல் தின்கிறது.

கதை முடிந்தது, சேர். இனி உங்களை நேரே பார்த்துத்தான் பேச வேண்டும்.

போன மாதம் நீங்கள் பொறுப்புக் கொடுத்தபோது, எங்கள் லிகிதர் ஹமீதா கொப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். அதை உரக்க வாசித்தார். ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஏனென்றால் எங்களிடமும் ஒரு கொப்பி இருந்தது, சேர். மாக்கிறட் அக்காவை அடக்கம் செய்து நான்காம் நாளே நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். "கல் நெஞ்சு" என்று எழுதினோம். தனியே போய் மரச்சட்டத்தடியில் இருந்து சாப்பிட்டீர்கள். "ஆட்களோடு ஒட்டமாட்டார்" என்று எழுதினோம். மடு மாதா திருவிழாவுக்கு எல்லோருமாய் வான் வண்டி பிடித்தபோது உங்களைக் கேட்கவில்லை. வரமாட்டார் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். பெருநாள் பிரியாணியைப் பார்சல் கட்டி மேசையில் வைத்துவிட்டு நழுவினோம். பதினொரு வருடம்! ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருவரும் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பிரியாவிடைக்கு என்ன வேண்டும் என்று கேட்க எங்களில் இளைய மர்சூக் தம்பியைத்தான் அனுப்பினோம். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

"பொன்னாடையும் வேண்டாம், மணிக்கூடும் வேண்டாம். மத்தியானம் எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவமோ?"

முப்பத்து நான்கு வருடத்தில் நீங்கள் இந்தக் கந்தோரில் உங்களுக்கென்று கேட்டது அதுதான். மர்சூக் திரும்பி வந்து அதைச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார்.

கருணையின் கடலே, கண்ணியத்தின் கரையே என்றெல்லாம் இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். கிழித்துவிட்டோம். ஒரு தீர்மானத்தை மட்டும் இங்கே பதிகிறோம். புதன்கிழமை தோறும் மத்தியானம் உங்கள் கதிரை இந்த மேசையில் இருக்கும். நீங்கள் வராவிட்டால் நாங்கள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வங்காலைக்கு வருவோம். வாளி கவிழ்த்து உங்கள் முற்றத்தில் குந்தியிருப்போம். நோய் அண்டாமல், நடை தளராமல், நூறு வயது நீங்கள் வாழ வேண்டும். காலையில் வைத்த அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் இனி இன்னொரு கோப்பையும் இருக்க வேண்டும்.

எங்கள் கொப்பியில் எழுதியதை இன்று எல்லோர் முன்னிலையிலும் வெட்டுகிறோம். குணம் எழுதுவதற்கு எங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுகிறோம்.

சோறு ஆறுது. நடுக் கதிரை உங்களுக்கு. வாங்கோ சேர்.

பிழையாக எழுதிய கையால்,
உங்கள் கந்தோர் ஊழியர்கள் பதினொருவர்
மன்னார், 2018