இருபது நிமிடம்

நான் வேகமாக டைப் அடிப்பேன் சார், ஆனால் நான்கு விரலால்தான். மற்றவை சரியாக மடங்காது. செங்கல் சூளையில் வளர்ந்தவர்களுக்குக் கை அப்படித்தான் இருக்கும். அம்மா சுமப்பாள், நானும் தம்பியும் அடுக்குவோம். இந்த வாக்குமூலத்தை நானே அடித்துத் தருகிறேன். உங்கள் எழுத்தரைவிடச் சீக்கிரம் முடித்துவிடுவேன், பிழையும் இருக்காது.

எங்கள் நிறுவனத்துக்கு ஆறு டயாலிசிஸ் நிலையங்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். நான் அங்கே தரை துடைக்கச் சேர்ந்தவள். வேலை முடிந்து கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். ஆறு வருடத்தில் 'பக்கம்' என் பொறுப்புக்கு வந்தது.

பக்கம் என்பது ஓர் இணையக் குறிப்பேடு. ஆறு நிலையத்திலும் யார் யாருக்கு என்ன தெரியுமோ அதையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறோம். ஊசி எங்கே குத்துவது, நோயாளி மயங்கினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் இருக்கும். மெஷினுக்கு ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறது, அதில் பார்த்துத்தான் வேலை. ஒரு வரியை மாற்றுவது நான். அதற்குப் பச்சைக் குறி போடுவது மேனேஜர். குறி விழுந்ததும் எல்லோருடைய போனிலும் மணி அடிக்கும், அவர்கள் 'படித்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் மணி நின்றுவிடும். அதற்காகத்தான் அழுத்துவார்கள். படித்தவர் யாரும் கிடையாது.

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் பக்கம்பாரு. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். சுவரிலும் மெஷினிலும் ஒட்டியிருந்த காகிதங்களை ஒரே நாளில் கிழிக்கச் சொன்னார். "ஆளை நம்பாதீங்க, பக்கத்தை நம்புங்க. அதுல இல்லாதது இல்லவே இல்லை" என்பார். ஒரு நர்ஸ் கழிவறைச் சாவி எங்கே என்று கேட்டதற்கும் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. நான்தான் போட்டு வைத்திருந்தேன்.

தம்பியை அங்கே உதவியாளனாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஒரு நோயாளி எழுந்து போனதும் மெஷினுக்குள் கிருமிநாசினி ஓடவிட்டு, பிறகு அது முழுக்கப் போகும்வரை தண்ணீரில் அலசுவது அவன் வேலை. மருந்து மிச்சம் இருந்தால் அடுத்து உட்காருபவரின் இரத்தத்தில் கலக்கும். இருபது நிமிடம் அலசுவது வழக்கம். நான்காவது ஷிப்டு சேர்த்தபோது நேரம் போதவில்லை என்று நிறுவனம் அதைப் பத்தாக்கியது. பச்சைக் குறி போட்டவர் பக்கம்பாரு. தம்பி பத்து நிமிடம் அலசினான். மூன்றாவது மாதம் ஒரு லாரி டிரைவர் நாற்காலியிலேயே நடுங்கி, மறுநாள் செத்துப்போனார். நாற்பது வயது. அவருடைய ஆட்கள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் விசாரணை. அதற்குள் பக்கத்தில் பத்து, இருபதாக மாறியிருந்தது.

மேனேஜர் டேப்லெட்டைத் தம்பியின் முன்னால் தள்ளினார். "என்ன போட்டிருக்கு, படிப்பா."

"இருபது நிமிஷம் சார்."

"நீ எவ்வளவு விட்டே?"

"பத்து. நேத்து வரைக்கும் பத்துன்னுதான் சார் இருந்துச்சு."

"அப்படி எப்பவுமே இருந்ததில்லையேப்பா."

தம்பி என்னைப் பார்த்தான். பக்கத்தைக் கவனிப்பவள் என்பதால் நானும் அந்த மேசையில் இருந்தேன். எந்த வரி என்றைக்கு மாறியது என்ற வரலாறு என் பாஸ்வேர்டில் திறக்கும். அதைத் திறந்து காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எப்படிக் காட்டுவது. மேசைமேல் ஒரு டம்ளர் வைத்த ஈரம் வட்டமாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை போனது பெரிதில்லை சார். 'பாடங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. தவறு நடந்தால் அங்கே எழுதி வைப்போம். உதவியாளரின் அலட்சியத்தால் மரணம் என்று தம்பியின் பெயரோடு அது ஏறியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் படிக்கக் கொடுப்போம். இரண்டு வருடத்தில் எழுபத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரும் 'படித்தேன்' அழுத்தியதும் எனக்கு ஒரு மணி அடிக்கும். சாப்பிடும்போது அடித்திருக்கிறது. அம்மாவின் காரியத்தன்று அடித்திருக்கிறது. எழுபத்தெட்டுத் தடவை என் தம்பியைக் கொலைகாரன் என்று என் காதில் வந்து சொன்னார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவன் பெயரை எடுத்துவிடுங்கள் சார் என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். பக்கம்பாரு சிரித்தார். "அது பாடம்மா, பாடத்தை அழிக்கக் கூடாது" என்றார்.

பிறகு அவருக்கே சிறுநீரகம் போனது. ரொம்ப வருடச் சர்க்கரை. செவ்வாய், வியாழன், சனி காலையில் எங்கள் நிலையத்துக்கே வந்து ஜன்னலோர நாற்காலியில் படுப்பார். கையில் குழாய், மடியில் லேப்டாப். இரத்தம் போய் வரும் நேரத்தில் பச்சைக் குறிகளைப் போட்டுத் தள்ளுவார். ஒரு நாளைக்கு நாற்பது வரும். எதையும் திறந்து பார்க்கமாட்டார்.

டிரைவர் செத்த பிறகு அலசும் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது. அலசி முடித்ததும் சோதனைப் பட்டையை நனைத்து, மருந்து மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகே நோயாளியை இணைக்க வேண்டும். நல்ல வரி. நான் அதில் கை வைக்கவில்லை. புதிதாக ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. வரலாற்றில் ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் எதிரே 'இதற்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் இருக்கும். பத்து நிமிடம் என்று இருந்த பதிப்பைத் தேடி எடுத்து, எங்கள் நிலையத்துக்கு மட்டும் என்று குறித்து, அழுத்தினேன். அப்படி ஒரு பக்கம் எப்போதுமே இருந்ததில்லை என்றாரே, அந்தப் பக்கம்தான். இருபது பத்தானது, பட்டை வரி போனது. எதிர் நாற்காலி வரிசையில் உட்கார்ந்து அனுப்பினேன். அவர் மடியில் லேப்டாப் ஒரு சத்தம் போட்டது. பச்சைக் குறி போட்டுவிட்டு, "இன்னிக்கு எத்தனைம்மா அனுப்புவே, கை வலிக்குது" என்றார்.

ஊழியர்களுக்கு நேரம் மிச்சமானதில் சந்தோஷம். தலைமை நர்ஸ் மட்டும் என் அறைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, முன்னாடி பட்டை வெச்சுப் பார்ப்போமே. இப்ப பக்கத்துல அதைக் காணோமே?"

"அதுல இல்லைன்னா வேண்டாம்னு அர்த்தம்."

"மறந்து விட்டிருப்பீங்களோன்னு பார்த்தேன்."

"நான் என்னிக்காவது மறந்திருக்கேனா?"

"அதுவும் சரிதான், நீங்க மறந்தா உலகமே மறந்த மாதிரி" என்று சிரித்துக்கொண்டே போனாள். நல்ல பெண். என்னை நம்பினாள் என்பதற்காக அவள்மேல் வழக்குப் போடாதீர்கள்.

அவருடைய மெஷினுக்கு மட்டும் செய்திருக்கலாமே என்று கேட்டீர்கள். செய்ய முடியாது சார். மெஷின்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், எது எந்த நாளில் அவருக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மருந்து மிச்சம் இருக்கும் என்பதும் இல்லை. அதனால் பன்னிரண்டு மெஷினும், பதினாறு நாளும் ஆனது.

நான்காம் நாள் தையல்காரம்மாவுக்கு நடுக்கம் வந்தது. எனக்கு ஒரு தடவை ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். ஒன்பதாம் நாள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் போனார். பன்னிரண்டாம் நாள் கணக்கு டீச்சர். அவர் நாற்காலியிலேயே விடைத்தாள் திருத்துவார், ஒரு கட்டு பாதியில் நின்றுவிட்டது, பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தேன். பதினான்காம் நாள் தையல்காரம்மாவும் போய்விட்டார். இப்படி எது நடந்தாலும் அறிக்கை என்னிடம்தான் வரும். ஒன்றோடு ஒன்றை இணைத்துப் பார்ப்பதுதான் என் வேலையே. மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் போட்டு, முதுமை, இதயம், காய்ச்சல் என்று காரணம் எழுதினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பதினாறாம் நாள் சனிக்கிழமை. பக்கம்பாருவுக்குப் பல் தந்தியடித்தது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். நான் போர்வை எடுத்துப் போனேன். அவர் போர்வையை வாங்காமல் டேப்லெட்டைக் கேட்டார். அதைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒருவித மரியாதைகூட வந்தது. அன்றுதான் முழுதாகப் படித்தார்.

"பத்துன்னு போட்டிருக்கே" என்றார்.

"அப்படி எப்பவுமே இருந்ததில்லையே சார்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன். இரண்டு நாள் இருந்தார். திங்கள்கிழமை காலை இருபது நிமிடத்தையும் பட்டை வரியையும் திரும்பப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் ஒரு நாள்கூட விட்டு வைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்றுத் தம்பி பார்க்க வந்தான். இப்போது தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். கை நிறைய வேலை, இரண்டு குழந்தைகள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"எனக்காகப் பண்ணேன்னு சொல்லியிருக்கியாமே."

"வேற யாருக்காகடா?"

"என் பேரை இழுக்காதே. அந்த வேலை போனதை நான் மறந்தே போயிட்டேன்."

"நான் மறக்கலையே."

"ஏன் மறக்கலைன்னு எனக்குத் தெரியும். இருபதுன்னு அடிச்சது யாரு, அக்கா?"

கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினேன்.

"அன்னிக்கு அந்த மேசையில நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். இத்தனை பேர் சாக வேண்டியதில்லை" என்றான். அப்புறம் போய்விட்டான். சாப்பாடு கொண்டுவந்திருந்தான், அதைக் கொடுக்காமலே எடுத்துப் போய்விட்டான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோபம் வந்தால் யோசிக்கமாட்டான்.

மேனேஜர் செத்த பிறகு எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து நீங்கள் அச்சடித்து வைத்திருக்கும் பக்க வரலாற்றைப் பார்த்தேன். நான்கு பேரின் சாவுக்குக் காரணமான அந்தத் திரும்புதல் என் பெயரில் இருக்கிறது. சரிதான், நான் செய்தது. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலே, இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்தை இருபதாக்கிய வரியும், தம்பியைப் பாடத்தில் ஏற்றிய வரியும்கூட என் பெயரிலேயே இருக்கின்றன. அது முறையில்லை சார். பக்கம்பாரு என் பின்னால் நின்று சொன்னார், நான் அடித்தேன், அவ்வளவுதான். நான்கு விரல் செய்த வேலை. அந்த இரண்டு வரிக்கு எதிரே அவர் பெயரைப் போட்டுத் திருத்தித் தாருங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.