பெயர் சொல்லாத ஆட்சேபம்

அமெரிக்கக் குடியரசு கொள்கை என்னும் கருங்கல்லின்மேல் நிற்கிறது. இருபது வருடத்துக்கு மேல் செனட்டில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம். அந்தக் கருங்கல்லுக்கும் கீழே எங்கள் உணவுக்கூடம் இருக்கிறது. அங்கே தினமும் பீன்ஸ் சூப் இருந்தே ஆக வேண்டும் என்பது பழைய வழக்கம். எந்தக் கட்சி வந்தாலும் போனாலும் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான். உப்பு கொஞ்சம் தூக்கல்.

வழக்கறிஞர் அம்மா, நீங்கள் முறைப்பதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு விசாரணைக் குழுவில் முறைப்பதுதான் உங்கள் வேலை. செனட்டர் ஹோல்பெக்கின் அலுவலகத்தை நடத்துவது என் வேலை. குடியேற்றச் சீர்திருத்தத்தின் தளபதி என்று பத்திரிகைகள் அவரை எழுதுகின்றன. அப்படி எழுத வைத்தவன் நான்.

டெல்மீரா கோயோயைக் கண்டுபிடித்தவனும் நான்தான். பத்தொன்பது வயதில் குவாத்தமாலாவிலிருந்து குடியேற்ற ஆவணம் எதுவும் இல்லாமல் வந்தவள். எங்கள் மாநிலத்தில் பன்றிக்கறித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தாள். பிறகு இரண்டு சிறுநீரகமும் போய், ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுத்திருந்தாள். திருப்பி அனுப்பினால் அவள் ஊரில் அந்த இயந்திரம் கிடையாது. மகள் மாரிசேலா மூன்றாம் வகுப்பு. இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகள்.

இப்படி ஒருத்தி கிடைப்பது அபூர்வம். டெல்மீராவுக்குக் கோபப்படாமல் அழத் தெரியும். ஜனாதிபதி ஆண்டு உரை நிகழ்த்தும்போது எங்கள் விருந்தாளியாகப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள். கேமரா அவளைத் தேடிப் போயிற்று.

எதிர்க்கட்சி செனட்டர் ஒருவரின் அலுவலகத்தை என்னைப் போலவே நடத்துபவன் பிரென்டன். பகலில் மேடைக்கு மேடை இரு கட்சியும் அடித்துக்கொள்ளும். சூப்புக்கு நாங்கள் ஒரே மேசை.

"உன் டெல்மீரா எப்படி இருக்கா?" என்றான் ஒருநாள்.

"என் டெல்மீராவா? உங்க விளம்பரத்துலயும் அவ மூஞ்சிதானேடா இருக்கு?"

"இருக்கு. நாங்க கொஞ்சம் கறுப்பாக்கிட்டோம்."

உண்மைதான். ஒரே புகைப்படம். எங்களுடையதில் தலைக்குப் பின்னால் வெளிச்சம். 'இவரும் நம்மவர்' என்று கீழே எழுதியிருந்தோம். அவர்களுடையதில் முகத்தில் நிழல். 'அடுத்தது உங்கள் வேலை.' இரு பக்கமும் கூட்டம் கூடியது. புகைப்படக்காரருக்கு மட்டும் வருத்தம், யாருமே அவர் பெயரைப் போடவில்லை என்று.

இந்த நிலையில் எங்கள் செனட்டர் ஒரு தவறு செய்தார். படம் எடுக்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். எடுத்து முடித்த பிறகும் அவர் டெல்மீராவின் கையை விடவில்லை. தலைநகர் திரும்பியதும், அவள் ஒருத்திக்கு மட்டும் குடியுரிமை வழி திறக்கும் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம் அது.

தனி மசோதா என்பது சபையில் பத்துப் பேர்கூட இல்லாத பிற்பகலில் ஒரு நிமிடத்தில் நிறைவேறிவிடும். நூறு செனட்டர்களில் ஒருவரும் ஆட்சேபிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒருவர் ஆட்சேபித்தாலும் மசோதா நிலுவையிலேயே கிடக்கும். ஆட்சேபிப்பவர் தன் பெயரை வெளியே சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி எப்படியும் தடுக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். பிரென்டன் தலையில் குண்டைப் போட்டான்.

"எங்க ஐயா தடுக்க மாட்டாருப்பா. அவரு சம்சாரம் தினம் அவளுக்காக ஜெபம் பண்ணுது."

"வேற யாராவது?"

"யாரும் இல்ல. நோயாளிப் பொம்பளைய யாருடா தடுப்பான்? ஆனா ஒண்ணு. அவளுக்கு கிரீன் கார்டு கிடைச்சிட்டா நான் யாரைக் காட்டிப் பயமுறுத்தறது?"

"நான் யாரைக் காட்டி அழவைக்கறது?"

"அப்ப நீயே பாத்துக்க. உப்ப இந்தப் பக்கம் தள்ளு."

நீங்களே யோசித்துப் பாருங்கள். சிகிச்சை பெற்று நலமாக வாழ்பவளை மேடையில் நிறுத்தி யாருடைய மனதை உருக்குவது? இவள் ஒருத்தி. ஆவணமில்லாதவர்கள் கோடிக்கு மேல். அவர்கள் அத்தனை பேருக்கும் வழி செய்யப் போகும் பெரிய மசோதா இவள் முகத்தை நம்பி நின்றது. ஒருத்திக்கு இரங்கினால் கோடிப் பேருக்குத் துரோகம். கணக்குத் தெரிந்த எவரும் இதையே செய்திருப்பார்கள்.

சபைக்குப் பக்கத்து அறையில் எங்கள் கட்சியின் ஆட்சேபங்களைக் குறித்துக்கொள்பவர் ஹாரியட் அம்மாள். அவருக்கு போன் செய்தேன்.

"இது உங்க ஐயா கொண்டாந்த மசோதாவாச்சே கண்ணு?"

"ஆமாம்மா."

"தடுக்கறதும் அவரேதானா?"

"அவரேதான்."

"பேரு வெளிய வரக்கூடாது?"

"கூடாதும்மா."

"சரி கண்ணு. சளி தேவலையா?"

மறுநாள் செனட்டர் சபையில் இடி முழக்கினார். 'முகமில்லாத கோழையே, எழுந்து நில்' என்று மேசையைத் தட்டினார். தட்ட வேண்டிய இடத்தை உரையில் நான்தான் குறித்துக் கொடுத்திருந்தேன். காரில் திரும்பும்போது கேட்டார்.

"யாருய்யா அந்தப் பாவி?"

"தெரியல சார். கண்டுபிடிக்கவா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். "வேண்டாம். கண்டுபிடிச்சா அப்புறம் மேல ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்."

அடுத்த இலையுதிர் காலத்தில் தேர்தல். டெல்மீராவின் முகம் பழகிப்போய்விட்டது. எங்கள் கூட்டங்களில் ஆட்கள் அவள் பேசும்போது எழுந்து காபி எடுக்கப் போனார்கள். புதிதாக ஒரு படம் வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூட வாசலுக்குக் குடியேற்ற அதிகாரிகள் வருமுன்பே எங்கள் கேமராக்காரர் எப்படி அங்கே நின்றார் என்று கேட்டீர்கள். சுலபமான பதில்தான். மசோதா நிலுவையில் இருக்கும்வரை அவளை அதிகாரிகள் தொடுவதில்லை. அது சட்டமல்ல, மரியாதை. எங்கள் அலுவலகத்துக்கு இனி அந்த வழக்கில் அக்கறை இல்லை என்று நான் அவர்களுக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் மாறுவேட ஊர்வலத்துக்கு அவள் மகளோடு வருவாள் என்றும் சொன்னேன். கேமராக்காரரிடம் மேற்குப் பக்கம் நிற்கச் சொன்னேன், வெயில் நன்றாக விழும் என்று.

மாரிசேலா தேனீ வேஷத்தில் இருந்தாள். ஒரு இறக்கை அதிகாரிகளின் வண்டிக் கதவில் மாட்டிக்கொண்டது. அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

செனட்டர் ஜெயித்தார். அதே படத்தை வைத்துக்கொண்டு பிரென்டனின் செனட்டரும் அவர் மாநிலத்தில் ஜெயித்தார். டெல்மீரா சொந்த ஊர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் உயிரோடு இருந்தாள். செய்தி வந்த அன்று சபை ஒரு நிமிடம் எழுந்து நின்றது. இரு கட்சியும் சேர்ந்து செய்த காரியம் அந்த ஆண்டில் அது ஒன்றுதான் என்று தலையங்கம் வந்தது. மகள் இப்போது தாயின் சிற்றன்னை ஒருவரிடம் இருக்கிறாள். ஜனாதிபதி உரைக்கு அவளை அழைத்து மாடத்தில் உட்கார வைத்தோம். நல்ல பிள்ளை, தாயைப் போலவே சத்தமில்லாமல் அழுகிறாள்.

நான் எதையும் மறுக்கவில்லை. ஆட்சேபம் என்னுடையது, போன் என்னுடையது. எனக்கென்று ஒரு சல்லிக்காசு வாங்கவில்லை. எல்லாம் அந்தப் பெரிய மசோதாவுக்காக. அதற்கு டெல்மீரா சட்டம் என்று பெயர் வைத்தவனும் நான்தான். இத்தனை வருடம் அதைச் சொல்லித்தான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தேன்.

ஆவணத்தில் சேர்க்க அந்தப் பெரிய மசோதாவின் பிரதி ஒன்று வேண்டும் என்று போன வாரமே கேட்டிருந்தீர்கள். அலுவலகத்தில் தேடச் சொன்னேன். எதிர்க்கட்சியிலும் விசாரித்தேன், எதிர்த்தவர்களிடமாவது ஒன்று இருக்கும் என்று. அதை இன்னும் யாரும் எழுதவில்லை.