சிவப்புப் பூட்டு

வீடு வாடகைக்கு விடுவதைவிடச் சாமான் போட்டு வைக்கக் கிடங்கறை வாடகைக்கு விடுவது நிம்மதியான தொழில், ஐயா. சாமான்கள் பக்கத்து அறைச் சாமான்களோடு சண்டைக்குப் போகாது. கழிப்பறை அடைத்துக்கொண்டது என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாது. என் அப்பா இதே யூமா ஊரில் வீடுகளை வாடகைக்கு விட்டு விட்டே ரத்தக் கொதிப்பை வாங்கிக்கொண்டார். அவர் போனதும் நான் அவற்றை விற்றுவிட்டு, நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகத் தகரக் கதவு போட்ட அறைகள் கட்டினேன். ஹார்லன் ப்ரூயிட் அமைதியை விரும்புகிற ஆள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வாடகை பாக்கி விழுந்தால் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். சட்டம் சொல்வதைச் செய்வேன். ஒப்பந்தக் காகிதத்தில் இருக்கிற முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுவேன். கெடு முடிந்ததும் பத்திரிகையில் விளம்பரம். பிறகு, அவர்கள் பூட்டுக்குப் பக்கத்தில் நம்முடைய சிவப்புப் பூட்டு ஒன்று. அதைப் போட்டதற்குச் சாட்சியாக ஒரு போட்டோ. கடைசியில் உள்ளே இருக்கிற சாமான்களுக்கு ஏலம். ஏல நாளில் எல்லார் முன்னாலும் வாடகைக்காரர் பூட்டை வெட்டுவோம். அதுவரை கதவைத் திறக்கக் கூடாது. நானே திறக்கக் கூடாது.

இதில் நான் ஒருமுறை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்டவன். ஒருத்தருக்குக் கடிதம் போடும்போது வீட்டு எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டது. அவர் அறையை ஏலம் விட்டேன். அதற்குள்ளே அவருடைய அம்மாவின் சாம்பல் இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? கோர்ட்டில் என்னைக் கசக்கிப் பிழிந்துவிட்டார்கள். படகு போயிற்று, அடுத்து வீடு போயிற்று, மனைவியும் போய்விட்டாள். அந்த நீதிபதி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி என் வேலையில் ஒருவர் ஒரு குறை கண்டுபிடிக்கக் கூடாது என்று.

டெல்ஃபா ரீஸ் நல்ல பெண்மணி. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பேரீச்சம்பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தவர், அறுபதைத் தாண்டியவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பி வரிசையில் கடைசி அறை அவருடையது. மேற்கு பார்த்த அறை. அவர் குடியிருந்த, சக்கர வீடுகள் நிற்கிற டிரெய்லர் பேட்டையை யாரோ வாங்கி இடித்துப்போட்டார்கள். கொட்டகையிலும் சீசன் முடிந்து ஆளைக் குறைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் மெத்தையைக் கொண்டுவந்து அறையில் வைத்தார். மெத்தை வைப்பது தப்பில்லை, நிறையப் பேர் வைக்கிறார்கள்.

காலையில் ஆபீஸைத் திறக்கும்போது வாசலில் நிற்பார், பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு. என்னிடம் வேலை பார்க்கும் ஒஃபீலியா அவருக்குக் காபி கொடுப்பாள். ஒருநாள் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்ப்பா ஹார்லன், மூஞ்ச ஏன் இப்படி உம்முனு வச்சிருக்க? பாக்கி தானே, தந்துருவேன். அதுக்குள்ள அந்தச் செவப்புப் பூட்டத் தூக்கிட்டு வந்தீன்னா, தட்டிட்டுப் போடு சாமி. உள்ள நான் இருந்தாலும் இருப்பேன்."

ஒஃபீலியா சிரித்தாள். நானும் சிரித்தேன். பழம் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கே வக்கீலுக்குப் போன் செய்தேன். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை. அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

"உள்ள ஆள் குடியிருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா அது கிடங்கு இல்லங்க, வீடு. ஏலம் கீலம் எதுவும் செல்லாது. கோர்ட்டுக்குப் போய்த்தான் காலி பண்ண வைக்கணும், மாசக்கணக்கா இழுக்கும். நகரசபைக்காரன் மோப்பம் புடிச்சான்னா உங்க லைசென்ஸுக்கே வேட்டு."

"தெரியலேன்னா?"

"தெரியலேன்னா அது கிடங்குதான்."

அன்றிலிருந்து எனக்குத் தெரியவில்லை, ஐயா. பயந்தேன், அதை மறைக்க மாட்டேன். இன்னொரு கோர்ட்டை என்னால் தாங்க முடியாது. ஆபீஸ் குளியலறைக்குப் பூட்டுப் போட்டேன். ஒஃபீலியாவிடம் காபி கொடுக்க வேண்டாம் என்றேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. கடிதங்கள் இடித்துப்போட்ட டிரெய்லர் பேட்டைக்குப் போய்த் திரும்பி வந்தன. உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம். அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். முகவரி மாறினால் எழுதித் தர வேண்டும். அவர் வாயால்தான் சொன்னார். அவர் கைப்பேசிக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன், இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, என் நல்ல மனசுக்குச் செய்தேன்.

மற்றவர்களுக்கு விளம்பரம் வந்த அன்றைக்கே சிவப்புப் பூட்டைப் போட்டுவிடுவேன். டெல்ஃபா விஷயத்தில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஏலத்துக்கு முந்தைய வாரம் வரை பொறுத்தேன். அது ஜூலை மாதம். வியாழக்கிழமை மதியம் போட்டேன், திங்கட்கிழமை ஏலம்.

ஒஃபீலியாவுக்கு அந்த நாட்களில் சம்பளத்தோடு லீவு கொடுத்தது உண்மைதான். உழைக்கிற பெண், அவளுக்கும் ஓய்வு வேண்டாமா? பி வரிசைக்குக் குறுக்கே கயிறு கட்டி, பெயின்ட் ஈரமாக இருக்கிறது என்று பலகை மாட்டியதும் உண்மை. பெயின்ட் அடிக்க ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

யூமாவில் ஜூலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் கைப்பிடியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். தகரம் சுருங்கி விரிந்து சத்தம் போடும். அந்த வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் முழுக்கத் தகரம் சத்தம் போட்டது. வெள்ளிக்கிழமை காலையிலும் கொஞ்சம் போட்டது. நான் ஆபீஸில் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஏலத்துக்கு வருகிறவர்களுக்காகச் சோடா புட்டிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கினேன். வெள்ளி மதியத்துக்கு மேல் சத்தம் இல்லை. எனக்கும் தலைவலி விட்டது.

திங்கட்கிழமை வழக்கமான கும்பல் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பழைய சாமான் கடைக்காரர் மெர்ல் சொன்னார்: "எவனோ ஃப்ரிட்ஜ்ல கறிய வச்சுட்டு ஓடிட்டான்டா. நான் இதுக்கு ஒரு டாலர் கூடக் கேக்க மாட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். நான் பூட்டைத் திறந்து கதவைத் தூக்கினேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மெர்ல் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அவரைச் சிரிக்கவிட்டது எனக்கு வருத்தம்தான்.

அந்தப் போட்டோவை ஏன் மறுபடி மறுபடி நகர்த்தி வைக்கிறீர்கள், ஐயா? அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எடுத்தவன் நான். கதவில் ஒரே பூட்டுதான் இருக்கிறது. என்னுடைய சிவப்புப் பூட்டு. அவருடைய பித்தளைப் பூட்டு அங்கே இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். வெளியே போகிறவர்கள் பூட்டைக் கதவில் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே போகிறவர்கள் பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள். கதவு இறங்கியிருந்து பூட்டு இல்லை என்றால், ஆள் உள்ளே இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வெளித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்தார் போல.

"ஹார்லன்? நீதானாப்பா?"

ஏல நடவடிக்கை தொடங்கிவிட்டால் பாக்கிக்காரரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். பூட்டை மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். சாவி என் பாக்கெட்டில் இருந்தது. அந்த நாலு நாளும் அங்கேதான் இருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தட்டிவிட்டுப் போடு என்று. அதை நான் மறக்கவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம், தகரம் அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்தேன். கதவைத் தட்ட வேண்டும் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் கட்டாயம் தட்டியிருப்பேன், ஐயா.