பின்பாரம்

கொழிஞ்சாம்பாறையில் ஏறிய இருவர் என் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்புவதற்குள் இளையவர் பெருமையாகச் சொன்னார்:

“நாலு பேரு ஏறி உக்காந்தாத்தானுங்க மாமா, என்ற டிராக்டர் மூட்டை தூக்கும்.”

“ஏம் மாப்பளே, மூட்டை தூக்கற சுமட்டுக்காரங்களுக்குக் கூலி குடுக்கக் கூடாதுன்னுதான டிராக்டர் முன்னால இருக்கற லோடர்ல ரண்டு இரும்புக் கொம்பை நீயே வெல்டிங் வெச்சே?”

“ஆமாங்க. உர மூட்டையை அடிப்பலகையோட அள்ளித் தூக்குமுங்க. என்ன, தூக்குனா பின்சக்கரம் ரண்டும் அந்தரத்துல நிக்குது.”

“பின்னால பாரத்துக்குக் கல்லைக் கட்டறதுதான?”

“கல்லைத் தூக்கி வெக்கத்தானுங்க சுமட்டுக்காரங்களைக் கூப்பிட்டேன். வந்தவங்களையே பின்னால உக்கார வெச்சுட்டேன்.”

“கூலி?”

“பழைய கூலிதானுங்க.”

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“முந்தியெல்லாம் மூட்டையைச் சொமந்துட்டு வாங்குனாங்க. இப்ப பீடி குடிச்சுட்டு உக்காந்தே வாங்கறாங்க. மெசினு உனக்கா செஞ்சே, அவங்களுக்கா?”

மாப்பிள்ளை கொஞ்சமும் அசரவில்லை.

“மெசினுல ஒரு குத்தமும் இல்லீங்க மாமா. அவங்க நாலு பேரும் ஒல்லி. நாளைக்கு இன்னும் ரண்டு பேரை வரச் சொல்லியிருக்கறேன்.”