புல்தரை ஓரத்துக் கல்

புல்தரையின் நடுவை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம் சார். ஓரம்தான் பாடாய்ப் படுத்தும். அதற்குத்தான் ஓரம் முழுக்கக் கல் பதிப்பது. மண்ணும் கல்லும் ஒரே மட்டமாக இருந்தால், வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் கல்மேல் ஓடும். ஒரு புல்லும் மிஞ்சாது.

என் சகலைக்கு, அதாவது என் மனைவியுடைய அக்காவின் கணவருக்கு, அந்த வேலையை நான்தான் செய்து கொடுத்தேன். அவர் வீடு மேட்டில் இருக்கிறது. பின்பக்கம் புல்தரை முடிகிற இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் இறங்கும். அடியில் சிமெண்ட் பாதை.

ஆறு நாள் முதுகு நிமிரவில்லை. நாற்பத்தொரு கல். ஒவ்வொன்றையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கினேன். முடிந்ததும் மாமனார் வந்து பார்த்தார். அவர் மூத்த மகளோடுதான் இருக்கிறார். சகலையின் தோளில் கைபோட்டு, "இப்படி ஒரு யோசனை வேற யாருக்கு வரும், மாப்பிள்ளை" என்றார். என் பக்கம் திரும்பி, "கொத்தனாரே, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். பதினாறு வருஷமாக இப்படித்தான். அவர் மாப்பிள்ளை, நான் கொத்தனார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் கொஞ்சம் வேலை பாக்கி என்று சொல்லிக்கொண்டு போனேன். சுவரோரக் கல் ஒன்றைப் பெயர்த்து, அதன் வெளிப்பாதிக்கு அடியில் இருந்த மணலை வழித்து எடுத்தேன். உள்பாதியில் சக்கரம் ஓடும், ஒன்றும் ஆகாது. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருகிற சகலை இடது காலை வெளிப்பாதியில்தான் வைப்பார். அவர் புல் வெட்டுவதை வயிற்றெரிச்சலோடு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும்.

எனக்கு வெயில் படக்கூடாது என்று சகலை பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்.

"இந்தப் பக்கம் மணல் வேண்டாமா சகலை?"

"இவ்வளவு போதும்" என்றேன். தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புல் வெட்டினார். கல் சாய்ந்தது, அவர் பாதையில் விழுந்தார். கழுத்து முறிந்து அங்கேயே உயிர் போய்விட்டது.

நீங்களும் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் எனக்காகப் பரிந்து பேசுகிறார். "அவரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? பாவம், அவருக்குத் தெரிஞ்ச வேலை அவ்வளவுதான்" என்கிறார். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

அந்தக் கல் என் கைப்பிசகால் பெயரவில்லை சார். பெயரட்டும் என்றுதான் வைத்தேன். மற்ற நாற்பதையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பார்க்கும்போது மாமனாரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.